ஸ்டூலில் உட்காரும் பிள்ளை

அந்த நாற்காலி வேணாம்ணே, கால் ஆடும். இதுல உக்காருங்க. டோக்கன் எத்தனை? இருபத்தேழா? அப்ப எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். நாங்க பத்தொம்பது. ஒம்பது மணிக்கு வந்தோம், இப்ப மணி பத்தரை.

உங்க பையனா அது, தண்ணி கேன் குழாயத் திறந்து திறந்து மூடறது? நாலு வயசு இருக்குமா? சளியா? சளி பிடிச்ச பையன் மாதிரியா இருக்கான்! தப்பா எடுத்துக்காதீங்க. பிடிச்சு உக்கார வைங்க. நர்ஸம்மா ரெண்டு தடவை மொறச்சுட்டுப் போயிருச்சு.

இந்தா, இது நம்ம புள்ள. தன்ஷிகா. ஒன்றரை மணி நேரமா இதே இடம்தான். கட்டின கையப் பிரிக்கல. நீங்க வந்து உக்காந்தீங்களே, திரும்பிப் பாத்தாளா? பாக்க மாட்டா. கண்ணச் சிமிட்டறதக்கூட யோசிச்சுத்தான் சிமிட்டுவா. எல்லாம் பழக்கம்ணே. நான் பழக்கினது.

நமக்குக் கம்பத்துல ஸ்டூடியோ. வாசுகி டிஜிட்டல் ஸ்டூடியோ. வாசுகிங்கிறது வீட்டுக்காரம்மா பேரு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் எடுப்போம். ஆனா சோறு போடறது பாஸ்போர்ட் சைஸ்தான். ஏப்ரல், மே வந்துட்டா ஸ்கூல் அப்ளிகேஷனுக்குப் போட்டோ வேணும்னு புள்ளைகளத் தூக்கிட்டு வருவாங்க. நீலத் துணிக்கு முன்னாடி ஒரு ஸ்டூல் போட்டிருக்கேன். ரெண்டு காதும் தெரியணும், நாடி நேரா இருக்கணும், பல்லு தெரியக் கூடாது. பதினெட்டு வருஷமா இந்த வேலைதான். ஒரு புள்ளய அந்த ஸ்டூல்ல உக்கார வச்சாப் போதும், இது எல்.கே.ஜி.க்கு ஆகுமா ஆகாதான்னு நான் சொல்லிருவேன். அசையாம உக்காந்தா ஆகும். நெளிஞ்சா, எறங்கினா, அம்மா மேல தாவினா, ஆகாது. அம்புட்டுதான். வர்றவங்களே கேப்பாங்க, "அண்ணே, பாத்துச் சொல்லுங்க, சீட்டு கெடைக்குமா?"ன்னு. நான் சொல்லித் தப்பினது கெடயாது. ஒண்ணு ரெண்டு தப்பியிருக்கும். அத விடுங்க.

ஆனா பாருங்க, நம்ம வீட்டுப் புள்ள உக்காராது.

இவளா? இவளேதான். நம்ப மாட்டீங்க. நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து ஸ்டூடியோவுலதான் கெடப்பா. வாசுகி உள்ள கம்ப்யூட்டர்ல உக்காந்து போட்டோவச் சரி பண்ணிக்கிட்டிருப்பா, நான் வெளிய வர்றவங்களப் பாத்துக்கிட்டிருப்பேன், நடுவுல இவ. கல்யாண ஆல்பம் மேல ஏறி நிப்பா. நீலத் துணிக்குள்ள சுத்திக்கிட்டு உருளுவா. வர்றவங்களுக்கு சீப்பு எடுத்துக் கொடுப்பா, பவுடர் தட்டி விடுவா. "மாமா, உங்களுக்கு மீசை கோணையா இருக்கு"ம்பா. வாய் ஓயாது. கேள்வியா கேப்பா. கொடை லைட்டு எதுக்கு மழை வராம விரிஞ்சிருக்கு, போட்டோவுல இருக்கிற தாத்தாவுக்குக் கால் எங்க, இப்படி. பதில் சொல்றதுக்குள்ள அடுத்த இடத்துல நிப்பா.

ஒரு விஷயத்துல உதவி, இல்லேங்கல. ஸ்டூல்ல புள்ள அழுதுச்சுன்னா, இவ எனக்குப் பின்னாடி நின்னு ஒரு ஆட்டம் போடுவா. இடுப்புல கை வச்சு, கழுத்த நீட்டி நீட்டி ஒரு கோழி நட. எப்பேர்ப்பட்ட புள்ளயும் வாயப் பொளந்துக்கிட்டு அவளப் பாக்கும். நான் அந்த நேரம் டப்புனு எடுத்துருவேன். இப்ப அது இல்ல. ஒரு கிலுகிலுப்பை வாங்கி வச்சிருக்கேன். ஒண்ணும் பிரயோசனம் இல்ல, புள்ளைக கூடக் கொஞ்சம் அழுவுதுக. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு என்னமோ பயம்ணே. முன்ன மாதிரி இல்ல.

எங்க விட்டேன்? ஆங், ஸ்கூலு.

எங்க ஊருல ஒரு ஸ்கூல். பேரு வேணாம். நல்ல ஸ்கூலு. ஜூன்ல கூட்டிட்டுப் போனோம். அப்ப இவளுக்கு மூணு வயசு பத்து மாசம். பிரின்சிபால் மேடம் ரூம்ல ஒரு மீன் தொட்டி. போச்சா? கதவத் தொறந்ததும் நேரா அங்க ஓடிட்டா. "பேர் என்ன?"ன்னு மேடம் கேக்கறாங்க. இவ, "இந்த மீனுக்குப் பேர் என்ன?"ங்கிறா. "இது என்ன கலர்?"னு பந்த எடுத்துக் காட்டறாங்க. "மஞ்சள். மீனுக்கு யாரு சோறு போடுவா? நீங்களா? மீன் தூங்குமா?" மேடம் சிரிச்சாங்க. சரி, சிரிக்கிறாங்க, தேறிருச்சுன்னு நான் நெனைக்கிறேன், இவ நாற்காலியில ஏறி, மேசையில கைய ஊனி, அவங்க மொகத்துக்கு நேரா போய், "மேடம், காது தெரியல. முடிய ஒதுக்குங்க. நாடிய எறக்குங்க"ன்னுட்டா.

சிரிக்காதீங்கண்ணே. எனக்கு உசுரு போச்சு.

மேடம் ஒண்ணும் கோவப்படல. "பாப்பா நல்லா பேசறா. ஆனா ரொம்பத் துறுதுறு. ஒரு கிளாஸ்ல நாப்பது பேரு, எங்களால சமாளிக்க முடியாது. இன்னும் தயாராகல. விஜயதசமிக்குக் கொஞ்சம் சீட்டு போடுவோம். அதுக்குள்ள உக்காரப் பழக்கிட்டு வாங்க"ன்னாங்க.

தயாராகலயாம். ஊருப் புள்ளைகளுக்கெல்லாம் தீர்ப்பு சொல்றவன் நான். மே மாசம் பூரா ஒவ்வொருத்தர்கிட்டயும், "உங்க புள்ள ஆகாது, வீட்டுல கொஞ்சம் பழக்குங்க"ன்னு சொன்னவன். இப்ப எம்புள்ள ஆகாதுன்னா எவன் மொகத்துல முழிக்கிறது? வாசுகிக்கு அதெல்லாம் தெரியாது. "அடுத்த ஜூன்ல சேப்போம், அதுவரைக்கும் அங்கன்வாடிக்குப் போகட்டும், இப்ப என்ன ஆயிருச்சு?"ங்கிறா. அங்கன்வாடி டீச்சர் வேற ஒரு நாள் போட்டோ எடுக்க வந்த இடத்துல, "அனுப்புங்கண்ணே, பாட்டுப் பாடி ஓடி ஆடட்டும்"னு சொல்லுச்சு. ஓடி ஆடறதுக்கு எதுக்குண்ணே பள்ளிக்கூடம்? அதத்தான் வீட்டுலயே பண்றாளே!

சரி, நமக்குத் தெரிஞ்ச தொழில் இருக்கு, நாமளே பழக்குவோம்னு ஆரம்பிச்சேன்.

அடிக்கலண்ணே. அத முதல்ல சொல்லிர்றேன். ஒரு அடி, ஒரு கிள்ளு கெடயாது. வேணும்னா அவளையே கேளுங்க. கேட்டாச் சொல்ல மாட்டா, ஆனா கேளுங்க. நான் பண்ணினது ஒண்ணுதான். ஸ்டூல்ல உக்கார வச்சேன். லைட்டப் போட்டேன். கேமராவுக்குப் பின்னாடி நின்னேன். "பாப்பா, அப்பா படம் எடுக்கப் போறேன். டப்புனு சத்தம் கேக்கிற வரைக்கும் அசையக் கூடாது, பேசக் கூடாது. அசைஞ்சா படம் கெட்டுரும்"னேன். போட்டோன்னா அவளுக்கு உசுரு. கப்புனு உக்காந்தா. ஒரு நிமிஷம் கழிச்சு டப்புனு அமுக்கினேன். குதிச்சு ஓடி வந்து படத்தப் பாத்தா. மறுநாள் ரெண்டு நிமிஷம். அடுத்த வாரம் அஞ்சு. எடையில மூக்கச் சொறிஞ்சான்னா, "போச்சு, படம் கெட்டுச்சு, முதல்லேர்ந்து உக்காரு"ம்பேன். அவளே நாக்கக் கடிச்சுக்கிட்டு மறுபடி உக்காருவா. என்ன கெட்டிக்காரி!

ஆடி மாசம் கல்யாணம் கெடயாது, ஸ்டூடியோவுல ஈ ஓட்டறோம், நல்ல வசதியாப் போச்சு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம். அப்புறம் நான் பின்னாடி நிக்கிறதுகூட இல்ல. டீக்கடைக்குப் போயிட்டு வருவேன், வந்து அமுக்குவேன். வாசுகி திட்டுவா. "புள்ளய ஏமாத்தாதய்யா"ம்பா. என்ன ஏமாத்து? கடைசியில அமுக்கறேன்ல?

ஆவணியில ஒரு நாள். வாசுகி ஆண்டிப்பட்டியில ஒரு சாவுக்குப் போயிருந்தா. நான் இவள உக்கார வச்சிருக்கேன், போன் வருது. மண்டபத்துல ஒரு நிச்சயம், எடுக்க வேண்டியவன் வரல, ஓடி வாங்கன்னு. சின்னக் கேமராவத் தூக்கிக்கிட்டு வண்டிய எடுத்துட்டேன். கடை ஷட்டரப் பாதி எறக்கி விட்டுட்டுத்தான் போனேன், அந்த அளவுக்கு ஞாபகம் இருந்துச்சு. இவ ஞாபகம் இல்ல. மண்டபத்துல தாம்பூலம் மாத்தறப்பதான் திடுக்குனுச்சு. ஓடி வந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிருச்சுண்ணே.

அப்படியே உக்காந்திருக்கா. ஸ்டூல்ல. கால் ஒட்டினது ஒட்டினபடி, நாடி நேரா, ரெண்டு காதும் தெரிய. கவுனு பூரா நனைஞ்சு, ஸ்டூலு நனைஞ்சு, கீழ தரையில தண்ணி நிக்குது. கண்ணுலேர்ந்தும் வந்திருக்கு போல, கோடு தெரிஞ்சுச்சு. ஆனா அசையல. என்னப் பாத்தும் அசையல. லென்ஸத்தான் பாக்கிறா. ஓடிப் போய் டப்புனு அமுக்கினேன். அதுக்கப்புறம்தான் மூச்சே விட்டா.

அன்னிக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. புள்ள தயாராயிட்டான்னு. ஏண்ணே அப்படிப் பாக்கறீங்க? பயமும் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா நாலு வயசுப் புள்ள ஒன்றரை மணி நேரம் உக்கார்றதுன்னா சும்மாவா? பெரிய ஆளுங்களே உக்கார மாட்டாங்க. வாசுகி சாயங்காலம் வந்து நனைஞ்ச கவுனப் பாத்தா. அந்த ஸ்டூலத் தூக்கிட்டுப் போய்க் கொல்லையில போட்டா. நான் திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன், தொழிலுக்கு வேணும்ல. அன்னையிலேர்ந்து எங்கூடப் பேச்சு கொறைஞ்சு போச்சு. அவ எப்பவுமே கொஞ்சம் கோவக்காரி.

விஜயதசமி வந்துச்சு. பட்டுப் பாவாடை, தலை நெறையப் பூவு. தட்டுல பழம், பூ, கல்கண்டு. வரிசையில எத்தனை புள்ளைக! ஒண்ணு அழுவுது, ஒண்ணு தட்டுல இருக்கிற வாழைப்பழத்த உரிக்குது, ஒண்ணு செருப்பத் தூக்கி எறியுது. நம்ம புள்ள நிக்கிறா பாருங்க, பொம்மைக்கடையில வச்ச மாதிரி. நாலு பேரு எங்கிட்டயே வந்து, "எப்படிண்ணே இப்படி வளத்தீங்க?"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு மணி நேரம்ணே, நான் தரையில நடக்கல.

உள்ள கூப்பிட்டாங்க. அதே ரூமு. அதே மேடம். "அட, நம்ம காது தெரியலன்னு சொன்ன பாப்பாவா! வா வா"ன்னு சிரிச்சாங்க. இவ நாற்காலியில ஏறி உக்காந்தா. கை கட்டினா. மீன் தொட்டி இந்தா, கைக்கு எட்டற தூரத்துல. திரும்பல. நான் வாசுகியப் பாத்தேன், பாத்தியான்னு.

"உன் பேர் என்ன?"

கட்டின கை கட்டினபடி.

"இது என்ன கலர்?"

நீட்டின பந்தத் திரும்பிக்கூடப் பாக்கல.

"மீன் பாக்கணுமா? மீனுக்குச் சோறு போடறியா?"

மேடத்தோட நெத்தியப் பாக்கிறா. லென்ஸப் பாக்கிற மாதிரியே. நான், "சொல்லும்மா, உனக்குத் தெரியும்ல, சொல்லு"ங்கிறேன். ஒதடு அசையல. மேடம் கையத் தட்டிப் பாத்தாங்க. பின்னாடி போய்ச் சாவிக்கொத்தக் கீழ போட்டாங்க. டமார்னு ஒரு சத்தம். எனக்கே தூக்கிவாரிப் போட்டுருச்சு, இவ திரும்பலண்ணே.

மேடம் சிரிப்பு போயிருச்சு. "என்ன பண்ணினீங்க?"ன்னாங்க. என்னத்தப் பண்ணினேன்? நீங்க சொன்னதத்தான் பண்ணினேன். உக்காரப் பழக்கச் சொன்னீங்க, பழக்கினேன். "இல்ல, முன்ன வந்த குழந்தை இது இல்ல. காது கேக்குதான்னு பாருங்க. குழந்தைங்க டாக்டர்கிட்ட காட்டி ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. இப்ப நாங்க சேத்துக்க முடியாது"ன்னாங்க.

நீங்களே சொல்லுங்க. ஜூன்ல என்ன சொன்னாங்க, ஓடறா, பேசறா, தயாராகல. இப்ப ஓடல, பேசல, அதுக்கும் தயாராகல. இவங்களுக்கு எப்படித்தான் புள்ள வேணும்? வெளிய வாழைப்பழத்த உரிச்சானே, அந்தப் பையனுக்குச் சீட்டு கெடைச்சிருச்சு. மேடத்துக்கே ஒரு பழம் கொடுத்தானாம். கொடுமைதான?

காது நல்லா இருக்குண்ணே. போன வாரம் மதுரையில மிஷின் வச்சுப் பாத்துட்டோம். எல்லாம் கேக்குது. அந்த ரிப்போர்ட்டு இந்தப் பையில இருக்கு. அதக் காட்டி லெட்டர் வாங்கத்தான் இன்னிக்கு வந்தது. இந்த டாக்டர் ஒரு மாதிரி. போன தடவை வந்தப்ப இவளத் தொட்டுக்கூடப் பாக்கல. அரை மணி நேரம் எங்களத்தான் கேள்வி கேட்டாரு. வாசுகி எல்லாத்தையும் சொன்னா. ஸ்டூலு, டப்புனு சத்தம், நனைஞ்ச கவுனு, எல்லாம். வீட்டு விஷயத்த இப்படியா வெளிய சொல்றது? இன்னிக்கு நீ வரவேணாம்னுட்டேன். அவளும் வரேன்னு சொல்லல. அவங்க அம்மா வீட்டுல இருக்கா.

இல்லண்ணே, பேசறதே இல்லன்னு இல்ல. கேட்டாப் பேசுவா. "சாப்பிடறியா?"ன்னா "ம்". "தூங்கறியா?"ன்னா "ம்". நான்தான் பதினஞ்சு நாளாச் சொல்லிக்கிட்டிருக்கேன். "பாப்பா, முடிஞ்சு போச்சுடா. இனிமே அசையலாம். ஓடலாம். பேசலாம்." தலைய ஆட்டறா. ஆட்டிட்டு அங்கயே நிக்கிறா. நான் அடுத்து என்ன சொல்லப் போறேன்னு பாத்துக்கிட்டே நிக்கிறா.

ஒண்ணு சொல்லட்டுமா? வாசுகிகிட்டகூடச் சொல்லல. போன ஞாயித்துக்கெழமை மத்தியானம் கடையில யாரும் இல்ல. இவளத் தூக்கி ஸ்டூல்ல வச்சு, நான் கேமராவுக்குப் பின்னாடி நின்னு ஆடினேன். கோழி நட. இடுப்புல கை வச்சு, கழுத்த நீட்டி நீட்டி. நாப்பத்திமூணு வயசு எனக்கு, மூட்டு வலி வேற. கொக்கரக்கோன்னு கத்திக்கூடப் பாத்தேன். சிரிக்கலண்ணே. என்னப் பாக்கவே இல்ல. லென்ஸத்தான் பாத்தா, எப்ப டப்புனு கேக்கும்னு. நான் கீழ உக்காந்து அழுதுட்டேன். அதுக்கும் அவ எறங்கி வரல. நான் எந்திரிச்சுப் போய் அமுக்கினேன், அப்புறம்தான் எறங்கினா.

விடுங்க. லெட்டர் வந்தாச் சரியாப் போயிரும். ஸ்கூலுக்குப் போனா நாலு புள்ளைகளோட சேந்து தானா மாறிருவா. மாறிருவால்ல? உங்க பையன் எங்க? ஆங், அங்க சறுக்குல ஏறிட்டான். நல்ல பையன்தான். நீங்க சரின்னா ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டு வாங்க, நான் ஒரு மூணு மாசத்துல... வேணாமா? சும்மாதான் சொன்னேன்.

இந்தா, நர்ஸம்மா வருது. ஆமாம்மா, தன்ஷிகா, பத்தொம்பது. உள்ள வரலாமா? என்னது? ஓ. சரி. சரிம்மா.

டாக்டர் இன்னும் கூப்பிடலயாம்ணே. அதுவரைக்கும் பாப்பா அந்தப் பொம்மை இருக்கிற எடத்துல வெளாடட்டுமாம். அவரு அந்தக் கண்ணாடி வழியாப் பாப்பாராம். அம்புட்டுத்தான் பரிச்சையாம். இது என்ன பெரிய விஷயம்!

பாப்பா, எந்திரி. கையப் பிரிச்சுக்க. அங்க பாரு, பொம்மை இருக்கு, சறுக்கு இருக்கு, அண்ணன் வெளாடறான் பாரு. போ, போய் வெளாடு. நல்லா வெளாடணும் என்ன? போ.

போறா பாருங்க. பாத்தீங்களா, சொன்னாக் கேப்பா. நடக்கிறா. நேராப் போறா. உங்க பையன் யானைப் பொம்மைய நீட்டறான். வாங்கிட்டா! வாங்கிட்டாண்ணே! திருப்பிப் பாக்கிறா. தும்பிக்கையத் தொட்டா... கீழ வச்சுட்டா. ஏன் வச்சா? அந்த லாரிய எடுக்கிறா. அதையும் வச்சுட்டா. வரிசையா வைக்கிறா. சறுக்குப் பக்கம் போறா, ஏறு, ஏறும்மா. ஒரு படியத் தொட்டுட்டா. திரும்பறா. என்னத்துக்குத் திரும்பறா?

ஏம்மா வந்துட்ட? என்ன? சத்தமாச் சொல்லும்மா.

கேட்டீங்களாண்ணே? "வெளாண்டு முடிச்சுட்டேன்பா. கரெக்டாப் பண்ணினேனா?"ங்கிறா.

கரெக்டும்மா. கரெக்டாப் பண்ணின. உக்காரு.

கதவு தொறக்குது. டாக்டரேதான் வர்றாரு. அண்ணே, அவரு கேட்டா நீங்களும் ஒரு வார்த்தை சொல்லணும். யானைய எடுத்தால்ல? லாரிய எடுத்தா. சறுக்கத் தொட்டா. வெளாடினாண்ணே. நீங்க பாத்தீங்கல்ல?